டெலோமரேஸும் எண்டோமெட்ரியோசிஸும்: நாகலூர்த் தங்கையின் கேள்விக்கு ஒரு பதில்

ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருப்பது இதுதான். வயது 31. குழந்தைக்காக முயற்சி செய்ய ஆரம்பித்து மூன்று வருடம் நிறையப் போகிறது. சேலத்தில் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) செய்தபோது எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே படரும் நோய், இரண்டாம் நிலை என்று சொல்லி, இருந்த திட்டுகளைக் கரித்து எடுத்திருக்கிறார்கள். அப்புறம் ஐந்து ரோடு பக்கம் ஓட்டலில் நடந்த ஒரு சத்துமாத்திரை மீட்டிங்குக்கு நாத்தனார் கூட்டிப்போயிருக்கிறார். "உடம்பில் டெலோமரேஸ் குறைந்துபோனதால்தான் கரு தங்கவில்லை, இந்தக் கேப்சூல் அதை ஏற்றிவிடும்" என்று அங்கே சொன்னார்களாம். ரத்தத்தில் டெலோமியர் டெஸ்ட் எடுக்கவும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், எண்டோமெட்ரியோசிஸில் டெலோமரேஸ் அதிகம் என்று வருகிறது. எது உண்மை, அதிகம் என்றால் கேன்சரா என்பதுதான் கேள்வி.

தேடிப் பார்த்ததில் வந்ததுதான் சரி. கேப்சூல் விற்றவர் விஷயத்தைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். கேன்சர் பயம் வேண்டாம், அதற்குப் பின்னால் வருகிறேன். நான் டாக்டர் இல்லை. சேலத்தில் கருத்தரிப்பு ஆய்வகத்தில் கருமுட்டையும் கருவும் பார்க்கிற வேலையில் இருப்பவள். அதனால் மருந்துச்சீட்டு எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் இந்த டெலோமரேஸ் கதையில் எது வரை ஆராய்ச்சி, எங்கிருந்து வியாபாரம் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

நம் செல்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு நுனியிலும் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறு டி.என்.ஏ. எழுத்து ஆயிரக்கணக்கான தரம் திரும்பத் திரும்ப வரும். அதுதான் டெலோமியர். இளம்பிள்ளைச் சேலையின் முந்தியில் நூலை முடிந்து குஞ்சம் விடுகிறார்களே, சேலை பிரியாமல் இருப்பதற்கு, அதே காரியத்தைத்தான் இது செய்கிறது. செல் ஒவ்வொரு தரம் இரண்டாகும்போதும் நுனியில் 50 முதல் 200 எழுத்துகள் வரை தேய்ந்துபோகும். ஒரு அளவுக்கு மேல் தேய்ந்தால் அந்தச் செல் அதற்குப் பிறகு பிரியாது. தேய்ந்ததை மறுபடி எழுதிச் சேர்க்கும் நொதிதான் டெலோமரேஸ். 1984-இல் எலிசபெத் பிளாக்பர்னும் அவரது மாணவி கேரல் கிரைடரும், குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரில் இதைக் கண்டுபிடித்தார்கள். 2009-இல் ஜாக் ஷோஸ்டாக்கோடு சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ந்த மனிதரின் பெரும்பாலான செல்களில் இந்த நொதி அணைந்தே கிடக்கும். ஸ்டெம் செல், விந்தணு உருவாகும் செல், தூண்டப்பட்ட வெள்ளையணு என்று சிலவற்றில்தான் வேலை செய்யும். அந்தச் சிறு பட்டியலில் கருப்பையின் உட்படலமும் உண்டு.

அதில் ஆச்சரியம் இல்லை. ஒவ்வொரு பீரியட்ஸிலும் உதிர்ந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி முழுதாக வளரும் திசு அது. ஆயுளில் ஏறக்குறைய 400 தரம் இந்த வேலை நடக்கிறது. முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்கிள் ஸ்கேனுக்கு நீங்கள் மலையிறங்கி வரும்போதெல்லாம் ரிப்போர்ட்டில் "ஈ.டி. 9 எம்.எம்." என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அது இந்தப் படலத்தின் தடிமன்தான். மாதவிடாய் முடிந்தவுடன் இரண்டு மூன்று மில்லிமீட்டராக இருந்தது அதற்குள் இவ்வளவு ஏறியிருக்கும். அப்படி வளர டெலோமரேஸ் வேண்டும். மாதத்தின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் அதை ஏற்றிவிடுகிறது. முட்டை வெடித்த பிறகு புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் வந்து இறக்கிவிடுகிறது. கரு வந்து ஒட்ட வேண்டிய நாட்களில், அதாவது முட்டை வெடித்து ஆறு முதல் பத்து நாளுக்குள், படலத்தில் டெலோமரேஸ் மிகக் குறைந்த நிலையில் இருக்கும். இந்தக் கட்டத்தில் படலத்துக்குப் பெருகுவது வேலை இல்லை. சுரக்க வேண்டும், பக்குவப்பட வேண்டும், கருவை ஏற்க வேண்டும். அதே நாட்களில் எதிர்ப்பக்கம் வரும் கருவோ பிளாஸ்டோசிஸ்ட் நிலையில், அதாவது ஐந்தாறு நாள் வளர்ந்து ஒட்டத் தயாரான நிலையில் இருக்கிறது. அதில் டெலோமரேஸ் உச்சத்தில் இருக்கும். ஆக, கருவில் அதிகமும் படலத்தில் குறைவும்தான் கருப்பதியும் நேரத்தின் இயல்பான கணக்கு.

எண்டோமெட்ரியோசிஸில் இந்தக் கணக்குத்தான் குழம்புகிறது. 2007-இல் கொரிய ஆராய்ச்சிக் குழு ஒன்றும், 2008-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஹபங்கமாவின் குழுவும் இந்தப் பெண்களின் கருப்பை உட்படலத்தைப் பரிசோதித்தன. இரண்டு குழுவும் பார்த்தது வயிற்றுக்குள் வெளியே படர்ந்த திட்டுகளை மட்டும் அல்ல, கருப்பைக்குள் அதன் இடத்திலேயே இருக்கும் படலத்தை. இந்த நோய் இல்லாத பெண்களோடு ஒப்பிட்டால் அங்கேயே டெலோமரேஸ் கூடுதலாக இருந்தது. லிவர்பூல் குழு, இறங்கியிருக்க வேண்டிய பின்பாதி நாட்களிலும் அது இறங்காமல் நிற்பதைக் காட்டியது. டெலோமியரும் அந்த நாட்களில் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், புரோஜெஸ்ட்டிரோன் நிறுத்தச் சொன்ன பிறகும் படலம் வளர்ச்சி மனநிலையிலேயே இருக்கிறது. புரோஜெஸ்ட்டிரோன் எதிர்ப்பு என்று டாக்டர்கள் சொல்வதன் ஒரு முகம் இது.

இதிலிருந்து இரண்டு விதமாக யோசிக்கலாம். மாதவிடாய் ரத்தம் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவது பத்தில் ஒன்பது பெண்களுக்கு நடக்கிற சாதாரண விஷயம். ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் வருவது பத்தில் ஒருவருக்குத்தான். மிச்சப் பேருக்கு ஏன் வருவதில்லை என்ற பழைய கேள்விக்கு, சிலருடைய செல்களுக்குப் பிரியும் திராணி அதிகம், போன இடத்தில் ஒட்டி வேரூன்றிவிடுகின்றன என்பது ஒரு பதில். இரண்டாவது யோசனை உங்கள் கேள்வியைத் தொடுவது: பக்குவப்பட வேண்டிய நாளில் படலம் பெருகிக்கொண்டிருந்தால், வந்த கரு ஒட்டாமல் போகலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. என் கருத்தில், இரண்டாவது யோசனையை முழுசாக நம்பிவிடக் கூடாது. காரணம், தானமுட்டை வைத்து நடந்த ஆய்வுகள். 1990-களில் ஸ்பெயினின் வலென்சியாவில் சிமோன், பெல்லிசர் முதலியவர்கள் பார்த்தது: எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்ணின் கருப்பையில், நோய் இல்லாத பெண்ணின் முட்டையிலிருந்து உருவான கருவை வைத்தால், மற்றவர்களுக்குப் பதிவதுபோலவே பதிகிறது. முட்டையைத் தந்தவருக்கு இந்த நோய் இருந்தால்தான் பதியும் விகிதம் குறைகிறது. அப்படியென்றால் பெரிய சிக்கல் சினைப்பையிலும் முட்டையிலும் இருக்கலாம், கருப்பையில் அவ்வளவு இல்லை. தானமுட்டை சிகிச்சையில் ஹார்மோன் மருந்துகளை வெளியிலிருந்து கொடுத்துப் படலத்தைத் தயார் செய்கிறார்கள், அதனால் படலத்தின் குறை மறைந்துபோயிருக்கலாம் என்று எதிர்வாதம் உண்டு. அதுவும் நியாயமானதுதான். ஆனால் டெலோமரேஸ்தான் குற்றவாளி என்று கைகாட்ட இது போதாது. புரோஜெஸ்ட்டிரோன் சரியாக வேலை செய்யாததற்கு அது ஓர் அடையாளமாக மட்டும் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

சினைப்பைப் பக்கம் போனால் கதை நேர் எதிராகத் திரும்புகிறது. முட்டையைச் சுற்றி கிரானுலோசா செல்கள் என்ற கூட்டம் இருக்கும், முட்டைக்குத் தீனி கொடுத்து வளர்ப்பவை அவைதான். அவை வேகமாகப் பெருக வேண்டியவை, அவற்றுக்கு டெலோமரேஸ் தேவை. எண்டோமெட்ரியோசிஸில் இடுப்புக்குழியில் அழற்சியும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் (செல்லைச் சிதைக்கும் வேதித் தாக்குதல்) கூடுகின்றன. டெலோமியரில் ஜி என்ற எழுத்து நிறைய இருப்பதால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் அதைச் சுலபமாகச் சிதைக்கும். ஆக, ஒரே பெண்ணின் உடம்பில் ஓரிடத்தில் இந்த நொதி தேவைக்கு மேல் நிற்கிறது, இன்னோரிடத்தில் டெலோமியர் அடிவாங்குகிறது. இதனால்தான் கேப்சூல்காரர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. வாயில் போடும் மாத்திரைக்குச் சினைப்பைக்குப் போ, கருப்பைக்குப் போகாதே என்று யார் வழி சொல்வது?

அந்தக் கேப்சூல்களில் பெரும்பாலும் இருப்பது அஸ்ட்ராகலஸ் என்ற சீன மூலிகையின் சாறு. அதிலுள்ள ஒரு பொருள் டெலோமரேஸைத் தூண்டும் என்று சொல்லி, முதுமையைத் தள்ளிப்போடுவதற்காக விற்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்ணுக்கு அதனால் குழந்தை பிறந்ததாக ஒழுங்கான சோதனை எதுவும் இல்லை. இறங்க வேண்டிய நாளில் இறங்காத ஒன்றை மேலும் ஏற்றுவது எந்தக் கணக்கில் வைத்தியம்? வாங்கிவிட்டீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள், சாப்பிட்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரத்த டெஸ்டுக்கும் இதே பதில்தான். ரத்தத்தில் அளக்கும் டெலோமியர் நீளம் வெள்ளையணுக்களுடையது. அது உங்கள் கருப்பைப் படலத்தைப் பற்றியும் பேசாது, முட்டையைப் பற்றியும் பேசாது. அந்தக் காசுக்கு, சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தச் சோதனை எடுங்கள், உபயோகம் உண்டு.

அப்படியானால் படலத்திலேயே டெலோமரேஸ் அளந்து பார்த்துவிடலாமே என்று தோன்றும். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். பைப்பெல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கருப்பைக்குள் விட்டு, நடுவிலுள்ள தண்டை இழுத்தால் படலத்தின் ஒரு துணுக்கு உறிஞ்சி வரும். மண்புழு நீளம்கூட இருக்காது, ரத்தம் கலந்திருக்கும். அதை உடனே திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். மேஜைமேல் வைத்துவிட்டு ஃபோன் பேசினால் நொதி கெட்டுவிடும். டெலோமரேஸுக்குள் ஒரு ஆர்.என்.ஏ. துண்டு அச்சாக உட்கார்ந்திருக்கிறது, அது சுலபமாகச் சிதையக் கூடியது. பிறகு டிராப் என்ற சோதனை, 1994-லிருந்து பழக்கத்தில் இருப்பது. திசுவை அரைத்து எடுத்த சாற்றை ஒரு செயற்கை டி.என்.ஏ. நுனியோடு சேர்த்தால், நொதி உயிரோடு இருக்கும் பட்சத்தில் அந்த நுனியில் ஆறாறு எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே போகும். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பி.சி.ஆரில் பெருக்கி, நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், ஆறெழுத்து இடைவெளி விட்டு வரிசையாகக் கோடுகள் தெரியும். சாற்றின் ஒரு பங்கைச் சூடாக்கி நொதியைக் கொன்றுவிட்டு அதையும் பக்கத்திலேயே ஓட்டுவார்கள். அதில் கோடு வந்தால் சோதனையே தப்பு.

இதில் தடுக்கி விழ இடம் நிறைய. துணுக்கோடு வந்த ரத்தத்தின் ஹீமோகுளோபின் பி.சி.ஆரைத் தடுத்து, இருக்கும் நொதியை இல்லை என்று காட்டும். படலத்துக்குள் உலாவும் வெள்ளையணுக்களிலும் டெலோமரேஸ் உண்டு என்பதால், அளந்தது சுரப்பிச் செல்லுடையதா வெள்ளையணுவுடையதா என்று கேட்க வேண்டிவரும். எல்லாவற்றையும்விட, முட்டை வெடித்த நாளை இரண்டு மூன்று நாள் தப்பாகக் கணக்கிட்டால் போச்சு, முன்பாதியின் அளவைப் பின்பாதி என்று எழுதிவிடுவோம். 28 நாள் சுழற்சி என்று எல்லாரும் சொல்வார்கள், கேட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்கு அப்படி இருக்காது. ஆராய்ச்சிக்கு இந்தச் சோதனை சரி. உங்களுக்கு எந்த வைத்தியம் என்று தீர்மானிக்க எந்த வழிகாட்டு நெறியிலும் இது கிடையாது.

டெலோமரேஸைக் குறைக்கும் மருந்து? அதுவும் இருக்கிறது. இமெடெல்ஸ்டாட் என்ற மருந்தை ஆய்வகத்தில் வளர்த்த கருப்பைப் படலச் செல்களின்மேல் லிவர்பூல் குழு போட்டுப் பார்த்தது, 2015-இல் வெளியிட்டது. செல்கள் பெருகுவது குறைந்தது. இதே மருந்துக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் ஒருவகை எலும்பு மஜ்ஜை நோய்க்கு. தட்டணுவையும் வெள்ளையணுவையும் நன்றாகக் குறைக்கக் கூடியது. பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு இதை யாரும் தர மாட்டார்கள்.

போகிற போக்கில் ஒன்று. டானசால் என்று ஒரு பழைய மருந்து. 1970-களிலிருந்து எண்டோமெட்ரியோசிஸுக்குக் கொடுத்துவந்தார்கள். மீசை அரும்புவது, குரல் தடிப்பது என்று பக்கவிளைவுகள் இருந்ததால் இப்போது அதிகம் எழுதுவதில்லை. அதே டானசாலை டெலோமியர் பிறவியிலேயே குட்டையாக இருக்கும் நோயாளிகளுக்குக் கொடுத்து, ரத்தச் செல்களில் டெலோமியர் நீண்டதாக 2016-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. எண்டோமெட்ரியோசிஸ் திட்டைச் சுருக்கிய மருந்து, ரத்தத்தில் டெலோமியரை நீட்டுகிறது! "கூட்டினால் நல்லது, குறைத்தால் நல்லது" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது கேன்சர். புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதத்தில் டெலோமரேஸ் விழித்திருக்கும் என்பது நிஜம். அதற்காக டெலோமரேஸ் விழித்த செல்லெல்லாம் கேன்சர் இல்லை. ஆரோக்கியமான பெண்ணின் படலத்திலேயே மாதாமாதம் அது விழிக்கிறது என்று மேலே பார்த்தோம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ஆயுள் முழுக்கக் கணக்கிட்டால் மற்ற பெண்களில் நூற்றுக்கு ஒருவர் சொச்சம் என்பது இவர்களில் இரண்டு சொச்சம் ஆகிறது, அவ்வளவே. 31 வயதில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய எண் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இரண்டாம் நிலை, திட்டுகளை எடுத்தாயிற்று. 1997-இல் வெளியான கனடா ஆய்வில் முதல் இரண்டு நிலையிலுள்ள 341 பெண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். லேப்ராஸ்கோபியில் திட்டை எடுத்தவர்களில் 36 வாரத்துக்குள் கருவுற்று அது நிலைத்தவர்கள் 30.7 சதவீதம். பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டவர்களில் 17.7 சதவீதம். உங்களுக்கு நடந்தது முதல் வகை. ஆபரேஷனுக்குப் பிறகு கிடைக்கும் அந்தச் சில மாதங்களை மாத்திரை மீட்டிங்கில் கரைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம்.

வலிக்காக டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை தினம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தால், டாக்டரிடம் கேளுங்கள். வலிக்கு நல்ல மருந்து. ஆனால் அது முட்டை வெடிப்பதை அடக்கிவிடும், சாப்பிடும் காலத்தில் கரு நிற்காது. ஹார்மோனை அடக்கிவைத்துவிட்டுப் பிறகு முயற்சி செய்தால் வாய்ப்பு கூடும் என்று முன்பு ஒரு நம்பிக்கை இருந்தது. 2022-இல் வந்த ஐரோப்பிய நெறிமுறை, கருத்தரிப்பை மேம்படுத்துவதற்காக அப்படிச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது.

அடுத்த தரம் போகும்போது இ.எஃப்.ஐ. மதிப்பெண் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆடம்சன், பாஸ்டா என்ற இருவர் 2010-இல் உருவாக்கியது, பத்துக்கு எத்தனை என்று வரும். இயற்கையாகக் கருவுற எவ்வளவு வாய்ப்பு என்று, எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷன் முடிந்தவர்களுக்குச் சொல்வதற்காகவே ஏற்பட்டது. கருக்குழாய், அதன் நுனி விரல்கள், சினைப்பை இவை எப்படி இருந்தன, திட்டுகள் எவ்வளவு இருந்தன என்று ஆபரேஷன் செய்தவர் பார்த்ததை வைத்துப் பாதி மதிப்பெண். மீதி உங்கள் விவரம்: வயது 35-க்குள் என்றால் 2, முன்பு கரு தரித்திருந்தால் 1, முயற்சி மூன்று வருடத்துக்குள் என்றால் 2. மூன்றைத் தாண்டினால் அந்த இரண்டும் போய் பூஜ்யம். நீங்கள் இருப்பது சரியாக அந்த ஓரத்தில். மதிப்பெண் நன்றாக இருந்தால் சில மாதம் இயற்கையாகவோ ஐ.யு.ஐ. (விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) மூலமோ முயலலாம். குறைவாக இருந்தால் நேரே ஐ.வி.எஃப். (ஆய்வகத்தில் கருவாக்கிக் கருப்பையில் வைப்பது) பற்றிப் பேசுவது நல்லது. அந்த முடிவு வந்தால், 2021-ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி மையம் பதிவு செய்திருக்கிறதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. உங்கள் கேள்வியில் உங்கள் ஸ்கேன், உங்கள் ஆபரேஷன், உங்கள் டெலோமரேஸ் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லை. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி ஜோடிகளில் ஆண் பக்கமும் ஏதாவது குறை இருக்கும். இ.எஃப்.ஐ. மதிப்பெண்ணே விந்தணு சரியாக இருக்கிறது என்ற அனுமானத்தில் போடுவதுதான். இரண்டிலிருந்து ஏழு நாள் விலகியிருந்துவிட்டு ஒரு காலையில் விந்துப் பரிசோதனை கொடுத்தால் முடிந்தது, மொத்தமே ஒரு மணி நேர வேலை. எஸ்டேட் வேலையை விட்டு வர முடியவில்லை என்பார்கள், எனக்குத் தெரியும். டெலோமியர் டெஸ்டுக்குக் கொடுக்க வைத்திருந்த காசில் அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கீழே வாருங்கள்.

வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் சிடியையும் எடுத்துவர மறக்க வேண்டாம். தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கருக்குழாய் நுனியை அதில் பார்த்தால்தான் மதிப்பெண் சரியாக வரும்.